கொதி வந்த வழி

ஆசான் ஒருவர் இருந்தார். இருந்தாரா என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதை இல்லை. அவர்கள் போய் வேறு வேலை பார்க்கலாம்.

நாஞ்சில் நாட்டின் தெற்கு மூலையில், தென்னந்தோப்பும் வயலும் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஓலை வேய்ந்த ஒரு புரை. அதில் உட்கார்ந்துகொண்டு அவர் கொதிக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கொதி என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இருக்கலாம். அடுத்தவன் இலையில் இருப்பதைப் பார்த்து நமக்கு வாய் ஊறுகிறதே, அதுதான். ஊறியவனுக்கு ஒன்றும் ஆகாது. தின்றவனுக்கு வயிறு வலிக்கும். அந்த வலிக்கு வைத்தியரைத் தேடுவதில்லை, ஓதுகிறவரைத்தான் தேடுவார்கள். அவர் கல்லுப்பும் நல்லமிளகும் உள்ளங்கையில் வைத்து, உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்து, மூன்று தரம் ஊதித் தருவார். வாயில் போட்டு வெந்நீர் குடித்தால் ஏப்பம் வரும். ஏப்பம் வந்தால் கொதி போயிற்று.

ஆசான் பெயர் அணஞ்சபெருமாள். நாற்பது ஆகவில்லை. அவருக்கு ஒரே சீடர், கோலப்பன். அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகையால் ஆசான் சீடரை ‘அண்ணாச்சி’ என்றார், சீடர் ஆசானை ‘ஆசானே’ என்றார். கோபம் வந்தால் மட்டும் சீடருக்கு வாய் தவறி ‘தம்பி’ என்று வந்துவிடும். ஆசானுக்கு அது பிடிக்கும்.

கோலப்பன் பெரிய வைப்புக்காரராக இருந்தவர். கல்யாணம், காதுகுத்து, அடியந்திரம், எதுவானாலும் பந்திக்கு அடுப்பு மூட்டிச் சமைத்து வைப்பது அவர்தான். அம்மன் கோயில் கொடைக்கு ஊர் முழுக்கச் சாப்பிடும் ஊட்டுக்கும் அவர்தான். கோயிலில் பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் கிளற ஆள் உயரத்துக்கு ஒரு சட்டுவம் உண்டு. கொடையன்று காலை அதை யார் கையில் கொடுக்கிறார்களோ அவர்தான் அந்த வருஷத்து வைப்பு. ஒரு தலைமுறைக் காலம் அது அவர் கையில்தான் இருந்தது. போன கொடையில் மணிக்கட்டு விட்டுப்போயிற்று. சட்டுவத்தைக் கொண்டுபோய்த் தூணில் சாத்திவிட்டு, நேரே ஆசானிடம் வந்தார்.

“என்ன வேணும் அண்ணாச்சி?”

“மந்திரம்.”

“எதுக்கு?”

“கையாலே செய்த வேலை போச்சு. வாயாலே செய்யுத வேலை ஒண்ணு வேணும்.”

“வாயாலே செய்யுததுதான் கஷ்டம். சரி, இரிங்க.”

கோலப்பன் இருந்தார். உப்பு ஜாடியைத் துடைத்தார். வெந்நீர் போட்டார். மந்திரம் மட்டும் வரவில்லை.

ஆசானின் முறை அவருக்குப் புரியவேயில்லை. வலி என்று ஒருவன் சுருண்டு கிடப்பான். ஆசான் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பார்.

“என்ன சாப்பிட்டே?”

“சோறுதான் ஆசானே.”

“சோறு எல்லாவனும்தான் சாப்பிடுதான். தொட்டுக்கிட?”

“நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.”

“மாங்காய் போட்டா, போடாமலா?”

“போட்டு.”

“கொட்டையோடவா?”

“ஐயோ, வலி உயிர் போவுது ஆசானே.”

“கொட்டையோடவான்னு கேட்டேன்.”

“கொட்டையோடதான்.”

ஆசானின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அதற்குப் பிறகுதான் உப்பை எடுப்பார். முணுமுணுப்பார், ஊதுவார். வந்தவன் வெந்நீர் குடித்து, ஏப்பம் விட்டு, எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, எல்லோரும் கேட்பதைக் கேட்பான்.

“யாரு ஆசானே கொதிச்சது?”

“நான்தான்.”

அவன் சிரிப்பான். சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

ஒருநாள் கோலப்பன் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“வாறவங்க எல்லார்ட்டயும் நான்தான் நான்தான்னு சொல்லுதீங்களே. உண்மையிலே யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“யாரு?”

“நான்தான்.”

“தம்பி, வெளையாடாதீரும்.”

ஆசான் சந்தோஷமாகச் சிரித்தார். “அண்ணாச்சி, நான் இல்லாத நேரம் யாராவது வந்தா உப்பு ஊதிக் குடுங்க. முதல்ல சாப்பிட்டதைக் கேளுங்க, ஒண்ணு விடாம. யாரு கொதின்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க. வேற பேரு சொல்லக் கூடாது.”

“மந்திரம்?”

“அது பொறவு.”

கோலப்பன் வெந்நீர்ப் பானையை இறக்கி வைத்தார். “சரி, இதையாவது சொல்லுங்க. கொதின்னு இந்த வார்த்தை எங்கேருந்து வந்தது?”

“அது தெரியாதா? மருந்துவாமலைக்குத் தெக்கே ஒரு ஊரு. அதிலே ஒருத்தி. சாகிற வரைக்கும் ஒரு சுள்ளி விறகு வாங்கினது கிடையாது.”

“பொறவு எப்படிச் சோறு பொங்குவா?”

“பானையிலே அரிசியும் தண்ணியும் போட்டுத் தெருவிலே கொண்டு வைப்பா. அக்கம்பக்கம் எல்லாம் வாசல்லே நின்னு பாக்கும். ‘இவளுக்கு மட்டும் தினமும் சோறு’ன்னு பாக்கும். பாத்த பார்வையிலே தண்ணி சலசலன்னு தளைக்கும். பருப்புன்னா பெரியவங்க பாத்தாப் போதும். கிழங்குன்னா தெருவே வரணும்.”

“பொறவு?”

“ஒரு வருஷம் மழை நல்லாப் பெஞ்சு எல்லா வீட்டிலேயும் நெல்லு. ஒருத்தரும் இவ பானையைத் திரும்பிப் பாக்கலை. பச்சை அரிசியை வச்சுக்கிட்டு வீடு வீடாப் போனா. ‘எக்கா, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்களேன்’ன்னு. ஒருத்தரும் வரலை. அன்னையிலேருந்துதான் அதுக்குக் கொதின்னு பேரு.”

“உள்ளதா?”

“நான் அந்தச் சோத்தைத் தின்னுருக்கேன் அண்ணாச்சி. கொஞ்சம் அடிப்பிடிச்சிருந்தது.”

அந்த மாசியில் ஆசான் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொல்லம் போனார். புரையில் கோலப்பன் மட்டும்.

அப்போதுதான் வலியவீட்டுப் பிள்ளையை வண்டியில் கொண்டுவந்தார்கள். ஊரிலேயே பெரிய வீடு, பெரிய மனிதர். அதற்கேற்ற வயிறு. முந்தின நாள் பேரனுக்குக் காதுகுத்து. ஊரே சாப்பிட்டது. பிள்ளை இரு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்தார். மருமகன் விசிறினான்.

கோலப்பன் கல்லுப்பை எடுத்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். அந்தப் பந்திக்கு வைத்தவள் யார் என்ற ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

வைத்தவள் ஆவுடையம்மை. புருஷன் இல்லாதவள். பல வருஷம் கோலப்பனிடம் காய் நறுக்கியவள், தேங்காய் துருவியவள், கண் எரிய அடுப்பு ஊதியவள். அவர் சட்டுவத்தை வைத்த பிறகு வீடுகளில் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வருகிற கொடைக்குச் சட்டுவம் அவள் கைக்குத்தான் என்று ஊரில் பேச்சு.

கோலப்பன் எதுவும் கேட்காமல் ஊதிக் கொடுத்தார். பிள்ளை உப்பைப் போட்டு வெந்நீர் குடித்தார். ஏப்பம் வரவில்லை.

“யாரு கோலப்பா கொதிச்சது?” என்றார் பிள்ளை, முனகிக்கொண்டே.

“ஆசான்னா தன் பேரைச் சொல்லி மழுப்பிருவாரு,” என்றான் மருமகன். “நீங்க பெரியவரு. உள்ளதைச் சொல்லும்.”

“ஆவுடையம்மை,” என்றார் கோலப்பன். “பந்தி வாசல்லே நின்னு கண்ணு எடுக்காம இலையையே பாத்துக்கிட்டு நின்னாள்லா.”

அந்த நொடியில் வந்தது ஏப்பம். தோப்பில் இருந்த காக்காய்கள் எல்லாம் எழுந்து பறந்து, வயலைச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தன. அப்படி ஒரு ஏப்பம்.

“கண்டேரா!” என்றான் மருமகன்.

அதற்கு மேல் சாட்சி எதற்கு? வண்டி வீடு போய்ச் சேர்வதற்குள் பேச்சு வீட்டுக்குப் போய்விட்டது.

ஆசான் திரும்பி வந்தது கொடைக்கு முந்தின நாள். குளித்துவிட்டு வந்து கஞ்சிக்கு உட்கார்ந்தார். கோலப்பன் பயறுத் துவையலை எடுத்து வைத்தார். வேலிப் பக்கம் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது.

“யாரு நிக்கது?”

“ஆவுடையம்மை ஆசானே.”

“உள்ளே வா தாயி.”

“நீங்க குடிச்சு முடிங்க. நான் நிக்கேன்.”

குரல் வந்ததே தவிர முகம் வரவில்லை. அவள் முதுகைக் காட்டி, வயலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

“என்னத்துக்குத் திரும்பி நிக்கே?”

“கண்ணு பட்டிரும்.”

ஆசான் கையில் எடுத்த துவையலைத் திரும்ப இலையில் வைத்தார்.

“யாரு சொன்னா?”

“ஊரு சொல்லுது.”

ஆசான் கோலப்பனைப் பார்க்கவில்லை. கோலப்பன் உப்பு ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாலே என்ன ஆவணும் தாயி?”

“எனக்குள்ளே அது இருந்தா எடுத்துப் போடுங்க. சட்டுவம் எனக்கு இல்லைன்னு கோயில் முதலடி சொல்லி விட்டுட்டாரு. போட்டும். பந்திக்கும் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க, அதுவும் போட்டும், கூலிக்கு நாத்து நடலாம். மேல வீட்டுப் பொண்ணு, நான் முறுக்குச் சுத்திக் குடுத்து வளந்தது, நேத்து என்னைக் கண்டதும் கையிலே இருந்ததை முதுகுக்குப் பின்னாலே மறைச்சுட்டுது.”

ஆசான் இலையை மடக்கி எழுந்து கை கழுவினார்.

“நாளைக்குக் காலம்பற கோயில் முத்தத்துக்கு வா. எல்லாரும் பாக்க எடுத்துருவோம். வலியவீட்டுப் பிள்ளையையும் வரச் சொல்லி ஆள் விடுதேன்.” அப்புறம் திரும்பினார். “அண்ணாச்சி, நாளைக்கு உப்பு கொஞ்சம் கூடுதலா எடுத்துக்கிடுங்க.”

“எவ்வளவு ஆசானே?”

“ஊரு முழுக்கக் குடுத்தாலும் காணும்படியா.”

மறுநாள் விடிந்ததும் உப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கோலப்பன் ஆசானுக்குப் பின்னால் வரப்பில் நடந்தார். ஆசான் ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தார். ஆசான் நாரைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பாதி வரப்பு தாண்டியதும், கேட்கப்படாமல் இருப்பதைத் தாங்க முடியாமல், கோலப்பனே கேட்டார்.

“அந்தப் பானைக் கதை பொய்தானே? அந்த வார்த்தை உண்மையிலே எங்கேருந்து வந்தது?”

“பானையிலே நம்பிக்கை இல்லையா? சரி, பலாப்பழத்திலேருந்து வந்தது.”

“அது எப்படி?”

“முன்னாலே பலாப்பழத்துக்கு முள்ளு கிடையாது. பூசணிக்காய் மாதிரி வழவழன்னு இருக்கும். அடுத்தவன் தோட்டத்திலே காய்ச்சுத் தொங்கும். போறவன் வாறவன் எல்லாம் வேலிக்கு வெளியே நின்னு பாப்பான். ஒரு பார்வைக்கு ஒரு குத்து. குத்தின இடம் எல்லாம் புடைச்சு முள்ளாச்சு.”

“சரி, வார்த்தை?”

“தோட்டக்காரன் பழத்தைத் தொட்டுப் பாத்துக் கை குத்திப்போய்க் கத்தினான். அவன் கத்தினதுதான் அந்த வார்த்தை.”

“தம்பி!”

“முள்ளை எண்ணிப் பாத்தா ஊரிலே எத்தனை ஆளுன்னு தெரிஞ்சிரும் அண்ணாச்சி. பள்ளம் பாத்துக் கால் வையுங்க.”

கோயில் முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. கொடைக்குக் கூடியது பாதி, கொதி எடுப்பதைப் பார்க்கக் கூடியது பாதி. அடுப்புகள் மூட்டாமல் கிடந்தன. வார்ப்புகள் கவிழ்ந்து கிடந்தன. சட்டுவம் தூணில் சாய்ந்து நின்றது. கோயில் காரியம் பார்க்கும் முதலடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஆவுடையம்மை ஒரு மூலையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஒரு வண்டி திரும்பும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஆசான் பிள்ளையை முக்காலியில் உட்கார வைத்தார்.

“பிள்ளைவாள், அன்னைக்குச் சாப்பிட்டதைச் சொல்லும். ஒண்ணு விடக் கூடாது. விட்டீருன்னா கொதி அதிலே போய் ஒளிஞ்சுக்கிடும்.”

“இப்பம் அது எதுக்கு வே?”

“சொல்லும்.”

பிள்ளை தொண்டையைச் சரிசெய்தார். “முதல்லே பருப்பு. நெய்.”

“பப்படம்?”

“பப்படம் இல்லாமலா? நொறுக்கிப் போட்டுப் பிசைஞ்சேன்.”

“எத்தனை?”

“அதைக் கேளாதேயும். பொறவு சாம்பார். அவியல். அவியல்லே முருங்கைக்காய் இருக்கே, பிடிச்சு இழுத்தா சதை தனியா, தோல் தனியா வந்துது. இஞ்சிக்கறி, நாக்கிலே வச்சதும் கண்ணிலே தண்ணி. ஏத்தங்காய் உப்பேரி…”

“முறுகலா?”

“கடிச்சா அடுத்த தெருவிலே கேக்கும்.”

முன்வரிசையில் ஒருவர் விழுங்கினார். சத்தம் கேட்டது. ஆசான் எழுந்து போய் அவர் கையில் ஒரு கல் உப்பை வைத்தார்.

“என்னத்துக்கு ஆசானே?”

“வாயிலே போடும்.”

பிள்ளை தொடர்ந்தார். அவருக்கே இப்போது ருசி தட்டிவிட்டது. “புளிசேரி. ரசம். பொறவு வந்தது சக்கைப் பிரதமன்.” கண்ணை மூடிக்கொண்டார். “வெல்லமும் தேங்காய்ப்பாலும் தளதளன்னு இலையிலே ஓடுது. ஓடுததைக் கையாலே தடுத்து, பழத்தை உரிச்சுப் போட்டு, ஒரு பப்படத்தையும் நொறுக்கி…”

முற்றத்தில் அலை அடித்தது போல விழுங்கும் சத்தம். அம்மன் சன்னிதியில் பூசை வைக்கும் கம்பர் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டார். முதலடி இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆசான் உப்பைக் கொடுத்துக்கொண்டே போனார். முதலடி கையிலும் வைத்தார்.

“நான் எங்கே…” என்றார் முதலடி.

“உங்க தொண்டை எனக்குத் தெரியாதா? போடுங்க.”

ஊர் முழுக்க வாயில் உப்போடு நின்றது. இரண்டு பேர் வாயில் மட்டும் இல்லை. ஒன்று ஆவுடையம்மை. இன்னொன்று கோலப்பன். ஒரு தலைமுறைக் காலம் அடுப்படியில் நின்றவருக்குப் பிரதமனைக் கேட்டு வாய் ஊறுமா? உப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றார்.

“உனக்கு ஊறலையா தாயி?”

“வச்ச கைக்கு ஊறாது ஆசானே.” முதல் தடவையாக அவள் தலையை நிமிர்த்தினாள். “பிள்ளைவாள் எரிசேரியைச் சொல்லலை.”

“அட, மறந்துட்டேன்,” என்றார் பிள்ளை.

“எப்படி இருந்தது?” என்றாள் அவள். இத்தனை நாளாகக் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்த கேள்வி. “தேங்காய் வறுத்தது ஒரு அனல் கூடிப்போச்சோன்னு எனக்குச் சந்தேகம். கசப்புத் தட்டிச்சா?”

பிள்ளை அவளைப் பார்த்தார். வயிறு, வலி, கொதி எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

“உள்ளதைச் சொல்லுதேன். எத்தனையோ வருஷமா இந்த ஊரிலே எரிசேரி தின்னுருக்கேன். அதெல்லாம் எரிசேரியே இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினேன்.”

கோலப்பனின் தொண்டை ஏறி இறங்கியது.

யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசானும் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு வந்து கோலப்பன் முன்னால் நின்றது. உள்ளங்கையில் ஒரு கல் உப்பு.

கோலப்பன் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம்,” என்றார் ஆசான், ஊருக்குக் கேட்கும்படி. “எனக்கு அடுப்படி தெரியாது. வைப்புக்காரங்க பந்தி வாசல்லே நிக்கது உண்டா?”

“உண்டு.”

“எதுக்கு?”

கோலப்பன் உப்பை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார்.

“விளக்குக்கு முன்னாலே இலை போடுததுக்கு முந்தி ருசி பாக்கக் கூடாது. உப்பு சரியா, புளி சரியா, ஒண்ணும் தெரியாது. நமக்கு நாக்கு கிடையாது. முதல் பந்தியிலே இருக்கவன் தொண்டைதான் நம்ம நாக்கு. முதல் உருளை உள்ளே போய், கை உடனே அடுத்த உருளைக்கு இறங்குதான்னு பாக்கணும். பாக்காம அடுப்படிக்குத் திரும்ப முடியாது.”

“கண்ணு எடுக்காமலா?”

“கண்ணு எடுக்காம.”

“நீங்க நின்னிருக்கீங்களா?”

“கை விழுத வரைக்கும் நின்னேன்.”

“அண்ணன்தான் எனக்கும் சொல்லித் தந்தாரு,” என்றாள் ஆவுடையம்மை. “வாசல்லே எந்தப் பக்கம் நிக்கணும்னு. எதிர் வெளிச்சம் அடிக்காம.”

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள்.

பிள்ளைக்குத்தான் கணக்கு இன்னும் முடியவில்லை.

“அப்பம் என் வயித்திலே யாரு வே கொதிச்சது?”

“நான்தான்,” என்றார் கோலப்பன்.

ஊர் சிரித்தது. ஆசானிடம் பழகின பேச்சு சீடருக்கும் வந்துவிட்டது என்று சிரித்தது. ஆசான் சிரிக்கவில்லை.

“கொதியும் இல்லை, கோதியும் இல்லை,” என்று பின்னாலிருந்து பிள்ளையின் மனைவி வந்தாள். “காளைக்கு வச்ச தவிடு மாதிரி அள்ளி அள்ளித் தின்னா வலிக்காம என்ன செய்யும்? பிரதமனைப் போணியோட எடுத்துக் குடிச்சதைச் சொன்னீரா? அதையும் சொல்லும்!”

இப்போது ஆசானும் சிரித்தார்.

சிரிப்புக்கு நடுவே கோலப்பன் தூணண்டை போனார். சட்டுவத்தைப் பிடித்தார். மணிக்கட்டு நிற்கவில்லை. நெஞ்சோடு அணைத்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, ஊர் விட்டிருந்த அந்த வெற்றிடத்தைத் தாண்டி, ஆவுடையம்மையிடம் வந்தார். முதலடி என்னவோ சொல்ல வாயெடுத்தார். வாயில் உப்பு இருந்தது. மூடிக்கொண்டார்.

“பிடி.”

“அண்ணே…”

“பிடி பிள்ளே. எனக்குக் கை நோவுது.”

அவள் பிடித்தாள்.

உச்சிக்குப் பந்தி போட்டார்கள். முதல் பந்தியில் முதல் இலையில் கோலப்பனை உட்கார வைக்க வேண்டும் என்று ஆவுடையம்மை ஆள் விட்டிருந்தாள். அவர் உட்கார்ந்தார். சோறு வந்தது, எரிசேரி வந்தது. வாசலில், எதிர் வெளிச்சம் அடிக்காத பக்கமாக, அவள் வந்து நின்றாள். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைக்கவும் மறந்து, அவர் தொண்டையையே பார்த்தாள்.

கோலப்பன் உருட்டினார். விழுங்கினார். அவர் கை ஒரு நொடி இலைமேல் நின்றது. பிறகு அடுத்த உருளைக்கு இறங்கியது.

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்த பிறகு ஆசானும் சீடரும் வரப்பில் திரும்பினார்கள். உப்புப் பெட்டி காலி. ஆசான் முன்னால் நடந்தார். மந்திரத்தைப் பற்றிக் கோலப்பன் கேட்கவில்லை. நாரைகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

“ஆசானே.”

“சொல்லுங்க.”

“பானைக் கதை பொய். பலாப்பழமும் பொய்.”

“பலாப்பழம் பாதி உள்ளது.”

“இனிமே கதை வேண்டாம். அந்த வார்த்தை எங்கேருந்துதான் வந்தது?”

ஆசான் நின்றார். வரப்பு குறுகல். முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வருகிறவரும் நிற்க வேண்டும்.

“பிள்ளை அன்னைக்கு யாருன்னு கேட்டப்பம், அவ பேரு உங்க வாய்க்கு எங்கேருந்து அண்ணாச்சி வந்தது?”

கோலப்பன் காலி உப்புப் பெட்டியை மறு கைக்கு மாற்றினார்.

“அங்கேருந்துதான்.”